பத்து லட்சம் குட்டிச்சுவர்கள்

அந்த ஆய்வு நிறுவனத்தில் அவளை எல்லோரும் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. அவளுக்குப் பிறகு அங்கே யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. நியாயப்படி பார்த்தால் அவள்தான் இன்னும் புதுசு.

பயிர்களுக்கு நோய் கொடுக்கும் பூஞ்சைகளை ஆராய்வதற்காக ஏற்பட்ட நிறுவனம் அது. பூஞ்சைகள் அங்கே நன்றாக வளர்ந்தன. ஆய்வுக்கூடத்துத் தட்டுகளில் மட்டுமல்ல, நூலகத்துப் புத்தகங்களிலும், இயக்குநர் அறைக் கூரையிலும், உணவகத்து ரொட்டியிலும் வளர்ந்தன. தட்டுகளில் வளர்ந்தவற்றுக்கு மட்டும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

சுத்தத்தில் நிறுவனம் ரொம்பக் கண்டிப்பு. ஆய்வுக்கூடத்தின் முதல் வாசலில் சொந்தச் செருப்பைக் கழற்ற வேண்டும். இரண்டாம் வாசலில் நிறுவனச் செருப்பைப் போட வேண்டும். மூன்றாம் வாசலில் அதையும் கழற்றிவிட்டுச் சுத்தமான செருப்பைப் போட வேண்டும். சுத்தமான செருப்பு அழுக்காகிவிடக் கூடாதென்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஆகவே எல்லோரும் வெறுங்காலோடு வேலை பார்த்தார்கள்.

புதுசுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது தக்காளிச் செடியை வாடவைக்கும் பூஞ்சை. அது ஏன் வாடவைக்கிறது, எந்த மரபணு அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், பூஞ்சையின் செல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கெட்டியாக ஒரு சுவர். வித்துகளை முளைக்கவிட்டு, இளசாக இருக்கும்போதே நொதியில் மிதக்கவிட்டால் அந்தச் சுவர் கரைந்து, உள்ளே இருப்பது உருண்டையாக வெளியே வரும். புரோட்டோபிளாஸ்ட் என்பார்கள். சட்டை கழன்ற செல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வருஷமாக அந்தச் சட்டை கழலவேயில்லை. ஒரு தடவை நொதி காலாவதியாகியிருந்தது. மறு தடவை மின்சாரம் போய்க் குலுக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. இன்னொரு தடவை தட்டு முழுக்கப் பச்சைப் பசேலென்று ஏதோ வளர்ந்திருந்தது. விசாரித்ததில் அது உணவகத்து ரொட்டியிலிருந்து வந்த விருந்தாளி. ஆண்டு ஆய்வுக்கு மேலிடத்து ஐயா வரும்போது காட்ட ஒரு தட்டாவது இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

நடையைக் கட்டினால் போய்ச் சேர வேண்டிய இடம் அக்காவின் தையல் கடை. இப்போதே அங்கேதான் இருந்தாள். துணி வெட்டும் மேஜைக்குக் கீழேதான் படுக்கை. காலையில் எழுந்தால் தலையில் நூலும் முதுகில் குண்டூசியும் இருக்கும்.

"நிரந்தரம் ஆச்சுன்னா தனி வீடு பாத்துப் போயிரணும்டி. எனக்கும் துணி வைக்க இடம் வேணும்ல?" என்பாள் அக்கா. பாசம் இல்லாமல் இல்லை. இடம்தான் இல்லை.

அன்று விடியற்காலையிலேயே வந்து நொதியைக் கலந்து வைத்தாள் புதுசு. கூட்டத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில் ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். இழைகளைக் காணோம். அந்த இடத்தில், தண்ணீரில் மிதக்கும் முத்துப் போல, உருண்டை உருண்டையாக, பளபளவென்று, கண்ணுக்கு எட்டிய வரை புரோட்டோபிளாஸ்டுகள்.

"அண்ணே! வந்து பாருங்க!" என்று கத்தினாள்.

கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் ஈரக்கையோடு ஓடிவந்து பார்த்தார். "அடேயப்பா, சோப்பு நுரை மாதிரி இருக்கே. நான் சரியா கழுவலையோ?"

"இல்லண்ணே, இதுதான்! இதுக்குத்தான் ஒரு வருஷமா!"

"அப்போ சரி. அழுவாத, கண்ணீர் உள்ள விழுந்துரப் போவுது" என்றார் அண்ணன்.

வாராந்தரக் கூட்டத்துக்கு அவள் வெறுங்காலோடே ஓடினாள். நிறுவனத்தில் எல்லாப் பிரிவினரும் வாராந்தரக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பது விதி. பூஞ்சைக்காரர்கள் பேசும்போது கட்டடப் பிரிவு தூங்கும்; கட்டடப் பிரிவு பேசும்போது பூஞ்சைக்காரர்கள் தூங்குவார்கள்.

புதுசின் பேராசிரியர் அவளை அறிமுகம் செய்தார். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பது அவர் வழக்கம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் பதவி உயர்வுகளைத் தாண்டித் தாண்டி மேலே வந்திருந்தார். "ஆகட்டும், பேசும்மா" என்று உட்கார்ந்தார்.

"சார், ஒரு வருஷமா முயற்சி பண்ணினது இன்னைக்குக் கைகூடிருச்சு. காலையில நொதியை ஊத்தினேன். எல்லாச் சுவரும் கரைஞ்சிருச்சு. ஒரு சுவர்கூட மிச்சமில்ல!"

கட்டட அதிகாரி கண் விழித்தார்.

அவர் தூக்கம் சாதாரணத் தூக்கம் அல்ல. மேஜையில் தண்ணீர்க் குவளை உருண்டு விழுந்தபோதும் கலையாத தூக்கம். 'சுவர்' என்ற சொல் அதைக் கலைத்துவிட்டது.

"எந்தச் சுவர்?"

"பூஞ்சையோட சுவர் சார்."

"பூஞ்சை எங்க இருந்துச்சு?"

"எங்க லேப்ல சார்."

"லேப் யாரோடது?"

"நிறுவனத்தோடது சார்."

"அப்போ நிறுவனத்துக்குள்ள இருந்த சுவரை, கட்டடப் பிரிவைக் கேக்காம கரைச்சிருக்க. அப்படித்தானே?"

புதுசு உதவிக்குப் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் "ஆகட்டும்" என்றார்.

"சார், நீங்க நினைக்கிற மாதிரி பெரிய சுவர் இல்ல. ரொம்பக் குட்டிச் சுவர்."

கட்டட அதிகாரி எழுந்து நின்றார். "எல்லாரும் கேட்டுக்கங்க. நிறுவனத்தைக் குட்டிச்சுவர் ஆக்கிட்டேன்னு அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சு."

மதியத்துக்குள் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் அளவு நாடா. முதல் வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டாம் வாசலில் போட்டு, மூன்றாம் வாசலில் கழற்றி, முறைப்படிதான் வந்தார். அறையின் நாலு சுவரையும் தட்டிப் பார்த்தார். நாலும் இருந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"கரைச்ச சுவரைக் காட்டு."

"அது கரைஞ்சிருச்சே சார். உள்ள இருந்ததைத்தான் காட்ட முடியும்." மைக்ரோஸ்கோப்பைக் காட்டினாள்.

தொப்பியின் விளிம்பு இடித்ததால் அவரால் கண்ணை லென்ஸ் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. தொப்பியைக் கழற்றச் சொன்னாள் புதுசு. இடிபாடு நடந்த இடத்தில் தொப்பியைக் கழற்றுவது விதிக்கு விரோதம் என்றார் அவர். கடைசியில் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், கோழி பார்ப்பது போலப் பார்த்தார்.

"கறுப்பா கம்பி கம்பியா தெரியுது. இதுதான் சுவருக்குள்ள இருந்த இரும்புக் கம்பியா?"

"அது உங்க கண் இமை சார்."

இரண்டாம் முறை பார்த்தபோது உருண்டைகள் தெரிந்தன. அவர் முகம் மாறியது. "எத்தனை சுவர் போயிருக்கு?"

"தோராயமா ஒரு சொட்டுல பத்து லட்சம் இருக்கும் சார்."

கட்டட அதிகாரி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உத்தியோகத்தில் இதுவரை ஒரே ஒரு சுவரைத்தான் இடிக்க அனுமதி கொடுத்திருந்தார். அது ஒரு கழிப்பறைச் சுவர். அந்த அனுமதி வருவதற்குள் சுவர் தானே விழுந்துவிட்டது. இந்தச் சின்னப் பெண் ஒரு காலை வேளையில் சொட்டுக்குப் பத்து லட்சம் இடித்திருக்கிறாள்.

பொறாமையா கோபமா என்று அவருக்கே தெரியாத குரலில் உத்தரவு போட்டார். விசாரணை முடியும்வரை, உருண்டைகள் மிதக்கும் கண்ணாடிக் குழாயை யாரும் தொடக் கூடாது. குழாய்க்கு 'அபாயகரமான கட்டடம், அருகில் வராதீர்' என்று அட்டை கட்டப்பட்டது. குழாயைவிட அட்டை பெரிதாக இருந்ததால் குழாய் சாய்ந்தது. சாய்ந்த கட்டடத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி, பல் குத்தும் குச்சி நாலை வரவழைத்து நாலு பக்கமும் முட்டுக்கொடுத்தார்.

"சார், சாயங்காலத்துக்குள்ள இதைத் தட்டுல பரப்பணும். இல்லன்னா எல்லாம் செத்துரும்" என்று கெஞ்சினாள் புதுசு.

"உள்ள ஆள் வேற இருக்கா?" என்று திடுக்கிட்டார் அவர்.

விசாரணைக் குழு இயக்குநர் அறையில் கூடியது. இயக்குநர் நடுவில். இந்தப் பக்கம் கட்டட அதிகாரி. அந்தப் பக்கம் காவல் தலைவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், பேசும் நேரத்தைவிட ஊதும் நேரம் அதிகம் என்பதால் எல்லோருக்கும் அவர் விசில்காரர். ஓரத்தில் பேராசிரியர், ஆகட்டும் சொல்வதற்காக.

விசில்காரர்தான் முதலில் கேட்டார். "சுவருக்கும் காது உண்டும்பாங்க. சுவருக்கு ரெண்டுன்னு வச்சாலும் சொட்டுக்கு இருபது லட்சம் காது போச்சு. நாளைக்கு இங்க யார் என்ன பேசுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சார், அந்தச் சுவருக்குக் காது கிடையாது."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் கரைச்சிட்டியே."

இயக்குநர் தலையை ஆட்டிக் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொள்ள யாரும் இல்லை.

"சரி, சுவர் இல்லாம உள்ள இருக்கறது வெளிய தப்பிச்சு ஓடிராதா?" என்றார் விசில்காரர்.

"ஓடாது சார். மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. உப்புக் கரைசல்ல பத்திரமா வச்சிருக்கேன். வெறும் தண்ணி பட்டாத்தான் வெடிக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

விசில் ஊதப்பட்டது. அது ஓயாமல் ஊதப்பட்டது. மூன்று நிமிஷத்தில் கட்டடம் காலி. நூலகக்காரர்கள், கணக்கர்கள், சமையற்காரர்கள், வருஷக்கணக்கில் யாரும் பார்த்திராத ஒரு விஞ்ஞானி, எல்லோரும் பின்பக்க மைதானத்தில் நின்றார்கள். தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்ற செய்தி பரவி, தாகத்துக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து குவளை பிடுங்கப்பட்டது. கட்டட அதிகாரி மட்டும் ஆய்வுக்கூட வாசலுக்கு ஓடி, அங்கே விட்டிருந்த சொந்தச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால் கடைசியாக வந்தார்.

இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். ஆபத்து நேரத்தில் பேசுவதற்கென்று அவரிடம் எப்போதும் ஒரு பேச்சு தயாராக இருந்தது.

"நண்பர்களே! பதற வேண்டாம். தலைவன் என்பவன் எல்லாவற்றிலும் முதலில் நிற்க வேண்டும். இன்று கட்டடத்தைவிட்டு வெளியேறியவர்களில் நான்தான் முதல் ஆள். விசில் ஊதுவதற்கு முன்பே நான் வெளியே இருந்தேன் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருந்தால், அவர்கள் தியாகத்தை இந்த நிறுவனம் மறக்காது."

கைதட்டல் எழுந்தது. புதுசுக்குப் பொறுக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே குழாயில் அவளுடைய முத்துகள் ஒவ்வொன்றாகச் சாகும். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"சார்! அது வெடிக்காது சார்! கண்ணுக்கே தெரியாத ஒண்ணு வெடிச்சாத்தான் என்ன? விட்டா அது தானாவே சுவர் கட்டிக்கும் சார்! என்னை உள்ள விடுங்க!"

ஒலிபெருக்கி மெல்லக் கீழே இறங்கியது.

"தானாவேவா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார்."

"கொத்தனார் இல்லாம?"

"ஆமா சார்."

"சிமெண்ட்?"

"சர்க்கரை போட்ட ஊடகம் போதும் சார். ஒரு நாள்ல கட்டிக்கும்."

இயக்குநர் திரும்பி மைதானத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நிறுவனத்தின் பின் மதில் ஒரு மழையில் விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அதைத் திரும்பக் கட்டுவது பற்றிக் கட்டடப் பிரிவு இன்னும் ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்திலும் ஐந்தாறு ஆடுகள் அந்த வழியாக உள்ளே வந்து, ஆபத்து நேரத்து மைதானத்தில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

"சுவர் இருந்தாத்தான் சித்திரம். ஆனா சுவரே தானா வரும்னா, சித்திரம் எழுதறவன் எதுக்கும்மா காத்துக்கிட்டு இருக்கணும்? போ. உடனே போய்ப் பரப்பு" என்றார் இயக்குநர்.

அவள் ஓடினாள். மூன்று வாசலையும் ஒரே தாவலில் கடந்து, குச்சிகளைப் பிடுங்கி, அட்டையை அறுத்து, தட்டுத் தட்டாகப் பரப்பினாள். அண்ணன் தட்டுகளைத் திறந்து திறந்து நீட்டினார். வெடிக்கும் என்று அவர் இன்னும் கொஞ்சம் நம்பினார். ஆனாலும் நின்றார்.

தட்டுகள் பிழைத்துக்கொண்டன. சில நாளில் வெண்பஞ்சு வைத்தது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் எழும்பின. புதுசு அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்ற காலையில்தான் இயக்குநரின் அழைப்பு வந்தது. அவளை 'தானியங்கி மதில் திட்டத்தின்' பொறுப்பாளராக ஆக்கியிருந்தார்கள். மேலிடத்து ஐயா வருவதற்குள் பின் மதில் எழும்ப வேண்டும். குடம் குடமாகக் கரைசல் தயாரித்து, மதில் விழுந்த இடத்தில் ஊற்ற வேண்டும்.

"சார், இது ரொம்ப ரொம்பச் சின்னச் சுவர். ஊசி முனையில நூறு நிக்கும்."

"ஆரம்பத்துல எல்லாமே சின்னதுதான்மா. நானே ஒரு காலத்துல ரொம்பச் சின்ன ஆளா இருந்தவன்தான். ஊத்த ஊத்தப் பெருசானேன்."

"அதுமட்டுமில்ல சார், இது நோய்ப் பூஞ்சை. வெளிய ஊத்தினா சுத்துப்பட்ட தக்காளித் தோட்டமெல்லாம் வாடிப் போயிரும்."

"நம்ம வேலை சுவர். தக்காளி வேற துறை" என்றார் இயக்குநர்.

புதுசு பேராசிரியரிடம் ஓடினாள். "ஊத்தக் கூடாது சார், நீங்களாவது சொல்லுங்க." அவர் "ஆகட்டும்" என்றார். "ஊத்தினா பாவம் சார்." அதற்கும் "ஆகட்டும்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து அனுமதி கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் தையல் கடையில் அவள் சொன்னதைக் கேட்டு அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"ஊத்தலைன்னா வேலை போயிருமா?"

"போயிரும்."

"ஊத்தினா?"

"ஊர்ல தக்காளி போயிரும்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மேஜைக்கு அடியில இன்னும் கொஞ்ச நாள் படுத்துக்கலாம். ஒண்ணும் குடி முழுகிறாது. ஆனா ஊத்தாம எப்படித் தப்பிப்ப? அவங்க குடத்தோட நிப்பாங்களே."

"குடத்துல என்ன இருக்குன்னு அவங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் இருந்த வித்துக் கரைசலையெல்லாம் ஆட்டோகிளேவ் என்ற பெரிய அவிக்கும் கலத்துக்குள் வைத்து நன்றாக அவித்தாள். ஒரு செல் மிச்சமில்லை. அவள் கண் கலங்கியதை அண்ணன் பார்க்காதது போல் இருந்தார். புள்ளி வைத்த தட்டுகளை மட்டும் குளிர்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினாள். பிறகு குடங்களில் வெறும் சர்க்கரைத் தண்ணீரை நிரப்பினார்கள்.

ஊற்றும் விழா சிறப்பாக நடந்தது. "எல்லாம் இதுல இருக்கா?" என்று கேட்டார் இயக்குநர். "சர்க்கரை நிறைய இருக்கு சார்" என்றாள் புதுசு. பொய் சொன்னாள் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. இயக்குநர் முதல் குடத்தைக் கவிழ்த்தார். மதில் கோணாமல் வரக் கட்டட அதிகாரி கயிறு பிடித்தார். விசில்காரர் விசில் ஊதினார். மண் ஈரமானது.

அதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் சர்க்கரை இருக்கும் இடத்துக்கு எறும்பை யாரும் வெற்றிலை வைத்து அழைக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு வரிசை வந்தது. அடுத்த நாள் ஊரே வந்தது. வந்தவை குடியிருக்க முடிவுசெய்து மண்ணைத் தோண்டித் தோண்டி மேலே குவித்தன. ஒரு வாரத்தில், மதில் விழுந்த கோட்டின் மேலேயே, நீளமாக ஒரு மண்மேடு எழும்பியது.

"வளருது!" என்று கத்திக்கொண்டு கட்டட அதிகாரி இயக்குநர் அறைக்குள் செருப்போடு ஓடினார்.

அதிலிருந்து தினமும் காலையில் மதில் அளக்கப்பட்டது. கணுக்கால் உயரம் வந்ததும் வளர்ச்சி நின்றது. அடக்கமான மதில்தான் நம் நிறுவனத்தின் பண்புக்குப் பொருத்தம் என்று இயக்குநர் அறிவித்து, மதில் கட்டி முடிக்கப்பட்டதாகச் சொல்லிவிட்டார்.

"சார், அது எறும்புப் புத்து" என்றாள் புதுசு.

"கட்டறவங்களைக் கேவலமா பேசக் கூடாது" என்றார் கட்டட அதிகாரி.

மதில் என்று ஆகிவிட்டதால் விசில்காரர் அங்கே ஆள் போட்டார். உள்ளே வந்த ஆடுகள் மதில் ஏறிக் குதித்த குற்றத்துக்காகப் பிடிபட்டன. விசாரணையில் அவை எதையும் மறுக்கவில்லை.

மேலிடத்து ஐயா வரும் நாள் வந்தது. முன்வாசலில் அவரை வரவேற்றுப் பிரம்மாண்டமாக ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். வளைவு வாசலைவிடப் பெரிது. அதை நிறுத்திய பிறகு வாசலைத் திறக்க முடியவில்லை. இயக்குநர் பூச்செண்டோடு உள்பக்கம் காத்திருந்தார். ஐயா வெளிப்பக்கம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, காரை விட்டு இறங்கிப் பொடிநடையாகப் பின்பக்கம் வந்தார். நரைத்த தலை, கனத்த உடம்பு. மண்மேட்டைப் பார்க்காமலே மிதித்து ஒரு கணம் நின்றார். கைக்குட்டையால் முகம் துடைத்தார்.

விசில் காதைக் கிழித்தது.

"அப்படியே நில்லுங்க! சுவர் ஏறிக் குதிச்சிருக்கீங்க!"

"எந்தச் சுவர்?"

"நீங்க நிக்கிறதே அது மேலதான்!"

ஐயா குனிந்து பார்த்தார். அதற்குள் மதிலே அவருடைய கால்சட்டைக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் ஒரு காலை உதறினார். மறு காலை உதறினார். பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் உதறினார். அந்த வயதில் அது பெரிய காரியம். அங்கே ஓடிவந்த இயக்குநர், ஐயா மதிலைக் கண்டு ஆனந்தக் கூத்தாடுவதாக நினைத்துக் கைதட்டினார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர் "ஆகட்டும், ஆகட்டும்" என்றார்.

மைதானத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது ஆய்வுக்கூடத்தில்தான். புதுசும் அண்ணனும் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் வாசலில் அண்ணன் தயங்கினார். "செருப்பு…" என்றார். ஐயா பார்த்த பார்வையில் மூன்று வாசலும் திறந்தன.

முக்காலியில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அவருக்குக் காட்டுவதற்காகக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த தட்டுகள் மேஜையில் இருந்தன.

"இது என்னம்மா?"

அவளிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவள் ஒரு தட்டை எடுத்துக் காட்டினாள். வித்திலிருந்து ஆரம்பித்தாள். சுவர் கரைந்தது, உருண்டைகள் வந்தது, அவை மறுபடி சுவர் கட்டிக்கொண்டு பஞ்சாக எழும்பியது, இனி உள்ளே மரபணுவை மாற்றிப் பார்க்கலாம், தக்காளி ஏன் வாடுகிறது என்று ஒருநாள் தெரிந்தாலும் தெரியும் என்று சொன்னாள். ஐயா குறுக்கே பேசாமல் கேட்டார். கால் எரிச்சலில் எங்கும் எழுந்து போக முடியாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"அப்போ வெளிய இருக்கற அந்தச் சுவர்?"

"அது எறும்புப் புத்து சார். நான் ஊத்தினது வெறும் சர்க்கரைத் தண்ணி. இதை ஊத்தினா ஊர்த் தோட்டமெல்லாம் போயிரும், அதான் அவிச்சுட்டேன். தப்புன்னா தப்புதான்."

ஐயா காலைச் சொறிந்தார். "இதைப் போய் ஊர் மண்ணு மேலயா ஊத்தப் பாத்தாங்க?" என்று முனகினார். வாசலில் தலைகள் எட்டிப்பார்த்தன. "இந்தப் பொண்ணு நிரந்தரமா?"

"நேத்தே பண்ணிட்டோமே ஐயா!" என்றார் இயக்குநர். "முந்தாநாளே பண்ணியிருப்போம், நான்தான் நல்ல காரியத்தை அவசரப்பட்டுச் செய்யக் கூடாதுன்னு நாலு வருஷமா யோசிச்சேன்."

"வேற ஏதாவது வேணுமாம்மா உனக்கு?"

புதுசு வாசலைப் பார்த்தாள். மஞ்சள் தொப்பி தெரிந்தது, விசில் தெரிந்தது. பல் குத்தும் குச்சிகள் ஞாபகம் வந்தன.

"ஒரே ஒண்ணு சார். இந்த லேப்பைச் சுத்தி ஒரு சுவர் கட்டிக் குடுங்க. கொத்தனாரை வச்சு."

ஐயா அவ்வளவு எரிச்சலிலும் சிரித்துவிட்டார்.

சுவர் அந்த மாதமே எழும்பியது. மேலிடத்து உத்தரவு என்பதால் கட்டட அதிகாரி தூக்கத்தைத் தியாகம் செய்து மேற்பார்வை பார்த்தார். செங்கல்லும் சிமெண்டும் வைத்து, ஆள் உயரத்துக்கு மேலே, அப்பழுக்கில்லாத சுவர். திறப்பு விழாவில் இயக்குநர் உருக்கமாகப் பேசினார். "தானாக வளராத, மனிதர்களே கைப்பட உழைத்துக் கட்டிய சுவர் என்ற துணிச்சலான புதுமையை இந்த நிறுவனம்தான் முதலில் செய்திருக்கிறது" என்றார். பேச்சு முடிந்து எல்லோரும் திறப்பதற்காகக் கத்தரிக்கோலோடு சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். இன்னொரு சுற்றும் வந்தார்கள்.

வாசல் வைக்க மறந்துவிட்டார்கள்.

வாசல் பற்றி யோசிக்கக் குழு அமைக்கப்பட்டது. அது கூடிக்கொண்டே இருக்கிறது. புதுசு அக்கா கடைக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துவிட்டாள். காலையில் அண்ணன் ஏணியைச் சாய்க்கிறார். இரண்டு பேரும் ஏறி உள்ளே இறங்குகிறார்கள். இறங்கியதும் ஏணியையும் உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.

"குழுவுக்கு ஏதாவது யோசனை சொல்லணுமாம்மா? கேட்டு விட்டிருக்காங்க" என்றார் அண்ணன் ஒருநாள், குடுவை கழுவிக்கொண்டே.

"நல்லா ஆற அமர யோசிக்கச் சொல்லுங்கண்ணே. அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு, புதுசு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.